இரண்டு கதவும் நான்கு கதவும்: ஒரு ஹெரால்டு காரின் வரலாறு

லண்டனில் இது பிற்பகல். டொரண்டோ நண்பர்கள் காலைக் காப்பியோடும், சென்னையிலும் யாழ்ப்பாணத்திலும் இருப்பவர்கள் இரவுச் சாப்பாட்டுக்கு முன்பும் இணைந்திருப்பீர்கள். இலக்கிய அரங்கில் காரைப் பற்றி என்ன பேச்சு என்று சிலருக்குத் தோன்றலாம். துருப்பிடித்த ஒரு பழைய காரை வீட்டிலேயே வைத்து மீட்டெடுப்பதைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன். நாம் இந்த அரங்கில் அடிக்கடி பேசும் கேள்வி ஒன்று அதற்குள் இருக்கிறது. சிதைந்த ஒன்றை மீட்கும்போது நாம் எதைக் காப்பாற்றுகிறோம், எதை நாமே புதிதாக எழுதிச் சேர்க்கிறோம்?

நான் எடுத்துக்கொண்டிருக்கும் கார் டிரையம்ஃப் ஹெரால்டு கூப்பே. 'கூப்பே' என்றால் பிரெஞ்சு மொழியில் வெட்டப்பட்டது என்று பொருள். குதிரைவண்டிக் காலத்தில் ஒரு வரிசை இருக்கையை வெட்டிக் குறுக்கிய வண்டிக்கு அந்தப் பெயர் வந்தது. பிறகு இரண்டு கதவும் தாழ்ந்து குறுகிய கூரையும் கொண்ட காருக்கு அது நிலைத்துவிட்டது. ஹெரால்டு என்ற பெயரைக் கேட்டதும் சென்னை, மதுரை, கோவை பக்கத்து மூத்தவர்கள் நிமிர்ந்து உட்கார்ந்திருப்பீர்கள். ஆமாம், அதே ஹெரால்டுதான். மெட்ராஸில் 'ஸ்டாண்டர்டு ஹெரால்டு' என்ற பெயரில் ஓடிய வண்டியின் அண்ணன்.

1959 ஏப்ரலில் லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹாலில் இந்தக் கார் அறிமுகமானது. இசைக் கச்சேரிகள் நடக்கும் அந்த வட்ட மண்டபத்தில் சலூனும் கூப்பேயும் ஒன்றாக மேடையேறின. அதன் பின்னணியில் ஒரு நெருக்கடி இருந்தது. கவென்ட்ரி நகரத்து ஸ்டாண்டர்டு டிரையம்ஃப் நிறுவனம் தன் கார்களின் உடல்பகுதிகளை ஃபிஷர் அண்ட் லட்லோ என்ற வெளி நிறுவனத்திடம் வாங்கிக்கொண்டிருந்தது. 1952இல் ஆஸ்டினும் மோரிஸும் இணைந்து பிஎம்சி உருவானது. அடுத்த ஆண்டே அது ஃபிஷர் அண்ட் லட்லோவை வாங்கிவிட்டது. இனி போட்டியாளரிடம் போய் உடல் கேட்க வேண்டும் என்ற நிலை.

அப்போது உலகம் முழுக்கக் கார்கள் 'மோனோகாக்' முறைக்கு மாறிக்கொண்டிருந்தன. அதில் தனியாகச் சேசிஸ் கிடையாது. கூடே எலும்பு, கூடே உடல். அதைச் செய்யப் பெரிய அச்சு எந்திரங்களும் பெரிய முதலீடும் வேண்டும். ஸ்டாண்டர்டு டிரையம்ஃபிடம் இரண்டும் இல்லை. ஆகவே தலைமைப் பொறியாளர் ஹாரி வெப்ஸ்டரின் குழு பழைய வழிக்கே திரும்பியது. கீழே தனிச் சேசிஸ், அதன்மேல் சிறுசிறு துண்டுகளாகச் செய்து போல்ட் போட்டு முடுக்கிய உடல். துண்டுகள் சிறியவை என்பதால் வெவ்வேறு இடங்களில் செய்து கொண்டுவந்து பூட்டலாம்.

வடிவம் இத்தாலியிலிருந்து வந்தது. டூரின் நகரத்து ஜோவானி மிக்கெலோட்டி வரைந்தார். திட்டத்துக்கு வைத்த ரகசியப் பெயர் 'ஜோபோ'. அது கவரிமாவுக்கும் பசுவுக்கும் பிறந்த கலப்புப் பொதிமாடு. பழைய முறைச் சேசிஸும் புதிய முறை உடையும் சேர்ந்த வண்டிக்குப் பொருத்தமான பெயர்தான். சலூன் உருவாவதற்கு முன்பே, 1957 கிறிஸ்துமஸ் சமயத்தில் இத்தாலியில் செய்த முதல் மாதிரி கவென்ட்ரி வந்து சேர்ந்தது. அந்த முதல் மாதிரி ஒரு கூப்பே. பிறகு அரிதாகிப்போன வடிவம்தான் முதலில் பிறந்தது.

948 சிசி எஞ்சின். கூப்பேக்கு இரட்டைக் கார்புரேட்டர். முன்பக்க பானெட் மட்கார்டுகளோடு சேர்ந்து அப்படியே முன்னோக்கிக் கவிழ்ந்து திறக்கும். மெக்கானிக் முன் டயரின் மேல் உட்கார்ந்துகொண்டே எஞ்சின் வேலை பார்க்கலாம். வண்டி திரும்புவதற்கு 25 அடி வட்டம் போதும். லண்டன் கறுப்பு டாக்சிக்கு விதிக்கப்பட்ட புகழ்பெற்ற அளவும் அதேதான்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். நிறுவனத்தின் பலவீனம்தான் இந்தக் காரைச் சாமானியனின் கைக்கு எட்டும் வண்டியாக்கியது. பணக்கார நிறுவனங்களின் மோனோகாக் கார் கீழே அரித்துப்போனால் முழுக்கூடே தளர்ந்துவிடும். ஹெரால்டிலோ ஒவ்வொரு தகட்டையும் ஸ்பானரால் கழற்றலாம். கூரைகூடப் போல்டில்தான் நிற்கிறது. அன்றைக்கு இல்லாமையால் எடுத்த ஒரு முடிவுதான், 60 ஆண்டு கழித்து ஒருவர் வீட்டுக் கொல்லையில் அதை மீட்டெடுக்க வழிசெய்கிறது.

அதே முடிவு மெட்ராஸிலும் வேலை செய்தது. சுதந்திரத்தை ஒட்டிய ஆண்டுகளில் தொடங்கிய ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியாவின் ஆலை சென்னைக்குத் தெற்கே பெருங்களத்தூரில் இருந்தது. வான்கார்டு, ஸ்டாண்டர்டு டென் ஆகியவற்றைத் தொடர்ந்து 1961இல் ஹெரால்டு அங்கே உருவாகத் தொடங்கியது. அது லைசென்ஸ் காலம். கார் வாங்கப் பதிவுசெய்துவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டும். கல்கத்தா பக்கம் அம்பாசிடர், பம்பாயில் ஃபியட், தெற்கே ஹெரால்டு. நாட்டில் ஓடிய புதிய கார்கள் அநேகமாக இந்த மூன்றுதான்.

முதலில் வந்தவை இரண்டு கதவு சலூன்கள். நம் குடும்பத்துக்கு அது சரிப்படுமா? முன்னிருக்கையை மடக்கிவிட்டுப் பட்டுப்புடவையோடு பாட்டி பின்னால் ஏற வேண்டும். ஏறிவிட்டால் இறங்குவது அடுத்த சோதனை. சில ஆண்டுகளில் மெட்ராஸ் ஆலை நான்கு கதவு ஹெரால்டைக் கொண்டுவந்தது. கவென்ட்ரி அப்படியொரு வண்டியைச் செய்யவே இல்லை. சேசிஸ் தனி, உடல் தனி என்ற அமைப்பு அந்த மாற்றத்தை எளிதாக்கியது.

அடுத்து 1972இல் 'கெசல்' வந்தது. அதே 948 சிசி எஞ்சின், புதிய முகம், பின்சக்கரத்துக்கு வேறு அமைப்பு. ஹெரால்டின் பின்சக்கரங்கள் தனித்தனியாக அசைபவை. குறுக்கே போட்ட ஒற்றைப் பட்டை அவற்றைத் தாங்கும். வளைவில் வேகமாகத் திருப்பினால் சக்கரம் உள்ளே மடங்கும். நம் சாலைக்கும் நம் பட்டறைகளுக்கும் அது ஒத்துவரவில்லை. கெசலில் அதை எடுத்துவிட்டு உறுதியான ஒரே ஆக்சிலைப் போட்டார்கள். 1977 வரை சிறிய எண்ணிக்கையில் கெசல் வெளிவந்தது. 1980களில் 'ஸ்டாண்டர்டு 2000' என்ற பெரிய காரோடு நிறுவனத்தின் கதை முடிந்தது. ஆலை இருந்த நிலத்தில் இன்று தகவல் தொழில்நுட்ப வளாகமும் அடுக்குமாடிக் குடியிருப்புகளும் நிற்கின்றன.

லண்டனுக்குத் திரும்புவோம். 1961இல் ஸ்டாண்டர்டு டிரையம்ஃபை லேலண்டு வாங்கியது. எஞ்சின் 1147 சிசியாக வளர்ந்தது. ஹெரால்டு 1971 வரை உற்பத்தியானது. எல்லா வடிவங்களையும் சேர்த்தால் 5 லட்சத்துக்கும் மேல். ஆனால் கூப்பே 1964லேயே நின்றுவிட்டது. காரணம் வீட்டுக்குள்ளேயே இருந்தது. 1962இல் ஹெரால்டு சேசிஸைக் குறுக்கி 'ஸ்பிட்ஃபயர்' என்ற திறந்த ஸ்போர்ட்ஸ் காரைச் செய்தார்கள். அழகான சின்ன வண்டி வேண்டியவர்கள் அதை வாங்கிக்கொண்டார்கள். தம்பி வந்து அண்ணனின் இலையை எடுத்துக்கொண்டான்.

எஞ்சிய கூப்பேக்களைத் தின்றது துரு. இரும்பு, நீர், காற்று மூன்றும் சேர்ந்தால் துரு. உப்பு சேர்ந்தால் அது விரைவுபடும். இங்கே குளிர்காலத்தில் உறைபனி வழுக்காமலிருக்கச் சாலையில் கல்லுப்பைத் தூவுகிறார்களே, அதில் பெரும்பகுதி செஷையரின் வின்ஸ்ஃபோர்டு சுரங்கத்திலிருந்து வருகிறது. அந்த உப்புச் சேறு சேசிஸின் இடுக்குகளில் போய் அமரும். வெளியே பளபளப்பாக இருக்கும் தகடு உள்ளிருந்து கரையும். துரு இரும்பைவிட அதிக இடத்தை அடைத்துக்கொள்வது. ஆகவே இரண்டு தகடுகள் ஒட்டிய இடத்தில் புகுந்தால் அவற்றை ஆப்பு வைத்ததுபோலப் பிளந்துவிடும்.

சட்டமும் தன் பங்கைச் செய்தது. 1960இல் பிரிட்டனில் எம்ஓடி சோதனை வந்தது. முதலில் 10 ஆண்டு கடந்த வண்டிகளுக்கு, 1967 முதல் 3 ஆண்டு கடந்தவற்றுக்கு. சேசிஸ் அரித்த வண்டி சோதனையில் தேறாது. தேறவைக்கும் செலவு வண்டியின் விலையைத் தாண்டும். ஆயிரக்கணக்கான ஹெரால்டுகள் காயலான்கடைக்குப் போயின. தப்பியவற்றில் பல வேறு வகையில் அழிந்தன. கூரை போல்டில் நிற்பதால் சலூனைத் திறந்த காராக மாற்றினார்கள். சேசிஸ் தனியாக இருப்பதால் உடலை எறிந்துவிட்டு, அதன்மேல் ஃபைபர் கூடு பூட்டிக் 'கிட் கார்' செய்தார்கள். கழற்ற முடியும் என்ற குணமே காப்பாற்றவும் செய்தது, அழிக்கவும் செய்தது.

இப்போது அப்படித் தப்பிய கூப்பே ஒன்றை லண்டனில் ஒருவர் வீட்டில் மீட்டெடுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். முதல் சிக்கல் இடம். ஓடாத வண்டிக்கு 'சோர்ன்' என்ற அறிவிப்பைக் கொடுத்துவிட்டால் வரியும் காப்பீடும் வேண்டாம். ஆனால் அந்த வண்டியைப் பொதுச் சாலையில் நிறுத்தக் கூடாது. ஈஸ்ட்ஹாமிலோ டூட்டிங்கிலோ வரிசை வீட்டில் இருப்பவருக்குத் தனி கராஜுக்கு எங்கே போவது? இந்த நகரத்தில் துருப்பிடித்த காரைவிட அது படுத்திருக்கும் 14 அடி நிலம்தான் விலை கூடியது.

இடம் கிடைத்துவிட்டால் முதல் கருவி ஸ்பானர் அல்ல, கேமராவும் பேனாவும். கழற்றும் ஒவ்வொரு போல்டையும் பையில் போட்டு எந்த இடத்தது என்று எழுத வேண்டும். பல போல்டுகள் துருவில் இறுகியிருக்கும். எண்ணெய் விட்டு ஓரிரு நாள் காத்திருந்து, சூடுகாட்டித் திருக வேண்டும். அவசரப்பட்டால் தலை முறியும். உடலைத் தூக்குமுன் கதவு இருந்த இடைவெளியில் குறுக்குக் கம்பிகளைப் பற்றவைக்க வேண்டும். இல்லையென்றால் அரித்துப்போன கூடு தொய்ந்துவிடும், பிறகு கதவு என்றைக்கும் பொருந்தாது. சேசிஸின் மூலைக்கு மூலை குறுக்காக அளந்து கோணல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஹெரால்டில் பக்கவாட்டில் நீளும் கைகள் போன்ற பகுதிகள்தான் முதலில் அரிக்கும். அவற்றை நல்ல இரும்பு தெரியும் வரை வெட்டி எடுத்துவிட்டுப் புதுத் தகட்டைப் பற்றவைக்க வேண்டும். துருவின் மேல் பட்டி பார்த்துப் பெயின்ட் அடித்தால் ஒரு குளிர்காலம்கூடத் தாங்காது. கடைசியில் சேசிஸின் பொந்துகளுக்குள் மெழுகைப் பீய்ச்சி அடைக்க வேண்டும்.

புத்தகத்தைவிட வாய்மொழியாக அதிகம் பரவும் அறிவும் உண்டு. ஹெரால்டின் முன்சக்கரத்தைத் தாங்கும் 'டிரனியன்' என்ற பித்தளைப் பகுதிக்கு கிரீஸ் வைக்கக் கூடாது, கெட்டியான கியர் ஆயில்தான் விட வேண்டும். பார்த்தால் கிரீஸ் வைக்கும் இடம்போலவே இருக்கும். கிரீஸ் மரைகளுக்குள் சரியாக இறங்காது. உள்ளே நீர் தங்கித் துருவேறி, ஒருநாள் ஓடும்போதே சக்கரம் மடிந்துவிடும். 1977இல் தொடங்கிய டிரையம்ஃப் ஸ்போர்ட்ஸ் சிக்ஸ் கிளப் போன்ற சங்கங்கள் காப்பாற்றுவது இத்தகைய அறிவைத்தான். இரும்பை வாங்கிவிடலாம். எந்த எண்ணெய் என்று சொல்ல ஆள் இருந்தால்தான் அந்த இரும்பு நிற்கும்.

சரி, வெட்டி ஒட்டியாயிற்று. பாதி புது இரும்பு. இது பழைய கார்தானா? லண்டன்வாசிகளுக்குத் தொலைக்காட்சித் தொடரில் வரும் டிரிகரின் துடைப்பம் நினைவுக்கு வரலாம். தலையும் பிடியும் பலமுறை மாறிய அதே துடைப்பம். தத்துவவாதிகள் இதைப் பேசிக்கொண்டே இருக்க, அரசு ஒரு கணக்குப் போட்டது. பெரிதும் மாற்றியமைத்த வண்டி பழைய பதிவெண்ணை வைத்துக்கொள்ளலாமா என்று பார்க்க டிவிஎல்ஏ நீண்டகாலம் ஒரு மதிப்பெண் முறையைப் பின்பற்றியது. சேசிஸ் அல்லது மோனோகாக் கூட்டுக்கு 5. சஸ்பென்ஷன், ஆக்சில், கியர்பெட்டி, ஸ்டியரிங் ஒவ்வொன்றுக்கும் 2. எஞ்சினுக்கு வெறும் 1. மொத்தம் 14இல் 8 வேண்டும். ஹெரால்டு போன்ற வண்டியில், கண்ணில் படும் அந்த அழகான உடலுக்கு மதிப்பெண்ணே இல்லை. யார் கண்ணுக்கும் தெரியாமல் கீழே கிடக்கும் சட்டம்தான் வண்டியின் அடையாளம்.

இந்தக் கேள்விக்கு நம்மிடம் இன்னொரு விடை இருக்கிறது. உ.வே.சாமிநாதையர் 1894இல் புறநானூற்றைப் பதிப்பித்தபோது ஏடுகள் பல இடங்களில் சிதைந்திருந்தன. சில பாடல்கள் முழுதாகவே கிடைக்கவில்லை. பலவற்றில் வரிகள் இல்லை. அவ்வளவு புலமை உள்ளவர் தாமே ஒரு சீரை எழுதி நிரப்பியிருந்தால் எத்தனை பேர் கண்டுபிடித்திருப்பார்கள்? அவர் நிரப்பவில்லை. விட்டுப்போன இடம் விட்டுப்போனதாகவே அச்சில் நிற்கிறது. ஏடுகள் வேறுபட்ட இடத்தில் பாடபேதம் காட்டினார். மீட்பு என்றால் முழுமையாகத் தோன்றவைப்பது என்று அவர் நினைக்கவில்லை. எது கிடைத்தது, எது கிடைக்கவில்லை என்று அடுத்தவருக்குத் தெரியவைப்பதையும் தம் வேலையாகக் கொண்டார்.

நல்ல கார் மீட்பாளரும் அதையே செய்கிறார். ஒட்டிய ஒவ்வொரு தகட்டுக்கும் படமும் குறிப்பும் வைக்கிறார். ஆலையில் அடித்த பெயின்ட் ஒரு மூலையில் மிஞ்சியிருந்தால் அதைத் தேய்த்துவிடாமல் விட்டுவைக்கிறார். புதிதைவிடப் புதிதாகப் பளபளக்கும் கார் கண்காட்சியில் பரிசு வாங்கும். ஆனால் அது எங்கே ஓடியது, யார் அதை ஒட்டுப்போட்டு ஓட்டினார்கள் என்ற சாட்சியங்கள் அதோடு போய்விடும். இரண்டில் எது என்று கேட்டால், குறிப்போடு நிற்கும் ஒட்டுதான் எனக்கு மேல்.

யாழ்ப்பாணத்து நண்பர்கள் இந்நேரம் சிரித்துக்கொண்டிருப்பீர்கள். பழைய காரைப் பாதுகாப்பதை லண்டன்காரன் உங்களுக்குச் சொல்லித்தர வேண்டுமா? 1990இல் பொருளாதாரத் தடை வந்து பெட்ரோல் நின்றபோது, ஆஸ்டின் ஏ40களும் மோரிஸ் மைனர்களும் மண்ணெண்ணெயில் ஓடின. கார்புரேட்டருக்குள் சில துளி பெட்ரோல் விட்டு எஞ்சினை எழுப்பி, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றினார்கள். அழுத்த விகிதம் குறைந்த பழைய எஞ்சின் என்பதால் அது தாங்கியது. புகை கக்கியது, தேய்ந்தது, ஆனால் ஓடியது. இதில் ஒரு வரலாற்று விந்தை உண்டு. ஹெரால்டைச் செய்த அதே ஸ்டாண்டர்டு நிறுவனம் 1946 முதல் கவென்ட்ரியில் ஃபெர்குசன் டிராக்டர்களைச் செய்தது. அதில் ஒரு வகை பெட்ரோலில் கிளம்பி, சூடேறியதும் மண்ணெண்ணெய் சார்ந்த மலிவு எரிபொருளுக்கு மாறும். கவென்ட்ரி சிக்கனத்துக்காகச் செய்ததை யாழ்ப்பாணம் முற்றுகைக்குள் தன் கையால் மறுபடி கண்டுபிடித்தது.

லண்டனில் பழைய காரை மீட்பது பொழுதுபோக்கு. அரசும் அதற்குத் துணை நிற்கிறது. 40 ஆண்டு கடந்த வண்டி வரலாற்று வாகனமாகப் பதிவானால் வரி இல்லை, பெரும்பாலும் எம்ஓடி இல்லை. 2023 ஆகஸ்டில் லண்டன் முழுக்க விரிந்த காற்று மாசுக் கட்டணமும் இல்லை. நம்மில் பலர் நல்லபடி ஓடிக்கொண்டிருந்த டீசல் காரை, நாளுக்கு 12.50 பவுண்டு கட்ட முடியாமல் விற்றோம். 1961இல் செய்த கூப்பே அதே தெருவில் இலவசமாகப் போகிறது. யாழ்ப்பாணத்தில் அது பிழைப்பு. ஆஸ்பத்திரிக்கும் திருமணத்துக்கும் வேறு வண்டி இல்லை. லேத்தில் கடைந்த பாகத்தோடு ஓடிய அந்த ஏ40களை எந்தக் கண்காட்சி நடுவரும் அசல் என்று ஒப்புக்கொள்ள மாட்டார். என் கணக்கில் அவைதான் முழு வரலாற்றையும் சுமக்கும் வண்டிகள்.

ஒன்று சொல்லி முடிக்கிறேன். பிரிட்டனில் செய்த ஹெரால்டுக்குச் சேசிஸ் எண்ணைக் கொடுத்தால், கேய்டனில் இருக்கும் ஆவணக் காப்பகம் அது எந்த நாள் ஆலையை விட்டு வெளியேறியது, என்ன நிறம் என்று சான்றிதழ் தரும். கோவையில் ஜிடி கார் அருங்காட்சியகம் பழைய கார்களைக் காக்கிறது. ஆனால் பெருங்களத்தூரில் நான்காவது கதவை யார் வரைந்தார்கள், முதல் கூட்டை எப்படித் தட்டிச் செய்தார்கள் என்ற கதை மனிதர்களிடம் இருக்கிறது. அந்த ஆலையில் இளைஞர்களாக வேலைசெய்தவர்களுக்கு இன்று 70, 80 வயது. அவர்களின் பிள்ளைகள் பலர் இந்த நகரத்திலும், இந்த நேரலையிலும் இருக்கக் கூடும். உங்கள் அப்பாவோ மாமாவோ அங்கே வேலை பார்த்திருந்தால், ஹெரால்டை ஓட்டியிருந்தால், புதுப்பேட்டையில் அதற்குப் பாகம் தேடி அலைந்திருந்தால், இந்த வாரம் தொலைபேசியில் அழையுங்கள். எந்த ஆண்டு, என்ன வேலை, எந்தப் பாகம் முதலில் கெடும் என்று கேட்டு அப்படியே எழுதிவையுங்கள். அவருக்கு நினைவில்லாத இடத்தில் நீங்களாக எதையும் நிரப்பாதீர்கள். அங்கே மூன்று புள்ளி வைத்தால் போதும்.